மாடல் பார்த்து எழுதிய வாக்குமூலம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். என் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். "அம்மா இன்னிக்கு எப்படி இருக்குதுங்க?" என்று வாசலில் தலையாரியிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். நான் கிராம நிர்வாக அலுவலர். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் இரண்டு ஊர்கள் மாறி, மறுபடி முதல் ஊருக்கே வந்திருக்கிறேன். தாசில்தாரிடமும் கத்தியிருக்கிறேன், சர்வேயரிடமும் கத்தியிருக்கிறேன். ஆனால் நான் எழுதிய ஒரு காகிதத்தை நம்ப முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு எழுதியபோது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நீதிபதிகள் இருவரும் சொன்னது அத்தனையும் சரி. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பட்டா, வருமானச் சான்று, பயிர்க் கணக்கு என்றுதான் எங்கள் வேலையை எல்லாரும் நினைக்கிறார்கள். கொலையும் எங்கள் வேலையில் உண்டு. கொலை செய்தவன் போலீசிடம் ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் சாட்சி ஆகாது. அதையே ஒரு வி.ஏ.ஓ.விடம் வந்து சொன்னால் ஆகும். அதனால் பல கொலைக் கேஸ்களில் ஒரு காகிதம் இருக்கும். குற்றவாளி தானாகவே வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்து வந்தான், கண்ணீர் விட்டான், எல்லாவற்றையும் சொன்னான் என்று அதில் எழுதியிருக்கும். கொலைகாரர்களுக்கெல்லாம் எங்கள் மேல் அப்படி என்னதான் பாசமோ! பல சமயம் ஆள் முந்தின நாளே ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான், காகிதத்தில் எங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி இருக்கும். இது கோர்ட்டுக்கும் தெரியும், வக்கீல்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

என்னிடம் வந்தவன் நிஜமாகவே வந்தான். அதுதான் கொடுமை.

அப்போது நான் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. காலை பதினொரு மணி. தலையாரி தபால் பிரித்துக்கொண்டிருந்தார். நான் அடங்கல் நோட்டில் எந்தக் காட்டில் மஞ்சள், எந்தக் காட்டில் குச்சிக்கிழங்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவன் உள்ளே வந்து, நாற்காலி இருக்க, சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தான். முப்பது வயது இருக்கும். லுங்கி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"என்னங்க வேணும்? மேல உக்காருங்க" என்றேன்.

"எங்கண்ணன அடிச்சுட்டேங்க மேடம்" என்றான்.

அடிதடி என்று நினைத்து, "அதுக்கு ஸ்டேஷனுக்குப் போங்க, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"செத்துட்டாருங்க" என்றான்.

தலையாரி எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு அந்த ஆளைத் தெரியும். ஊருக்கு வெளியே தோட்டத்திலேயே வீடு கட்டி இருக்கிற இடத்தை எங்கள் பக்கம் கொட்டாய் என்போம். அப்படி ஒரு கொட்டாயில் அண்ணன் தம்பி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, பொதுவில் ஒரே கிணறு. அண்ணனுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாயோடு இருந்தான். கிணற்றில் ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை.

அவன் சொன்னதை நான் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். கேள்வி எதுவும் நான் கேட்கவில்லை. அவனாக விட்டு விட்டுச் சொன்னான்.

"இன்னிக்கு என் மொறைங்க. காலையில போறேன், மோட்டார் ஓடுது. அவுரு காட்டுக்குத் தண்ணி போவுது. நேத்து கரண்டு வரல, அதனால எனக்கு இன்னிக்குன்றாரு. எனக்கும்தான் மஞ்சள் காயுது. பைப்பு முடுக்கற ரிஞ்சு கையில இருந்துச்சு. ஒரே அடிதாங்க. அப்படியே தொட்டி ஓரமா உக்காந்துட்டாரு. தண்ணி கேட்டாரு. மோட்டார் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, பைப்புல தண்ணி கொட்டுது. நான் குடுக்கல. நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பறம் கேக்கல."

அதோடு சரி. அழவில்லை. "ஸ்டேஷனுக்குப் போற வழியிலதான் ஆபீசு இருந்துச்சு. உள்ள வந்துட்டேன்" என்றான். அவ்வளவுதான், என்னிடம் வந்த காரணம்.

இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "நல்லதாப் போச்சு மேடம். ஸ்டேட்மெண்ட் எழுதிக் கையெழுத்து வாங்கி வைங்க. உங்க தலையாரிய சாட்சி போடச் சொல்லுங்க. நான் ஸ்பாட்டப் பாத்துட்டு வர்றேன்" என்றார். எப்படி எழுதுவது என்று கேட்டேன். "பழைய மாடல் ஆபீஸ்லயே இருக்கும் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இருந்தது. எங்கள் ஆபீசில் எல்லாவற்றுக்கும் மாடல் உண்டு. பாம்பு கடித்துச் செத்தால் ஒரு மாடல், வீடு எரிந்தால் ஒரு மாடல், ஏரிக்கரை உடைந்தால் ஒரு மாடல். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துப் பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றி எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் பீரோவின் அடித்தட்டில் ஒரு கொலை வாக்குமூலத்தின் நகலை வைத்துவிட்டுப் போயிருந்தார். வேறு ஊர், வேறு தகராறு, வேறு ஆள்.

தலையாரி அதைப் படிக்கப் படிக்க நான் எழுதினேன். டிக்டேஷன்! பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவள் அல்லவா, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் படிக்கிற வேகத்துக்கு, பெயர் வருகிற இடத்தில் பெயர், இடம் வருகிற இடத்தில் கிணறு, ஆயுதம் வருகிற இடத்தில் பைப் ரிஞ்ச் என்று மாற்றிப் போட்டுக்கொண்டே போனேன். "மேற்படி நபருக்கும் எனக்கும் நீண்ட நாட்களாக இருந்துவந்த முன்விரோதம் காரணமாக ஆத்திரமுற்று" என்று எழுதினேன். "போலீசார் என்னைப் பிடித்தால் அடித்துத் துன்புறுத்துவார்கள் என அஞ்சி, என்னை நம்பியுள்ள என் மனைவி மக்களின் நலன் கருதி, தங்களிடம் அடைக்கலம் தேடி வந்துள்ளேன்" என்று எழுதினேன். எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு மனைவியும் இல்லை, மக்களும் இல்லை. என் பேனா நிற்கவே இல்லை. தலையாரி படித்தார், நான் எழுதினேன்.

தண்ணீர் கேட்டதை எழுதவில்லை. மாடலில் அதற்கு இடமில்லை. முக்கால் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்ற கவலை வேறு. இதெல்லாம் கோர்ட்டுக்கு எதற்கு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன், இப்போது சாக்குச் சொல்லவில்லை.

அவனிடம் படித்துக் காட்டினேனா என்றால், காட்டினேன். வேகமாகப் படித்தேன். அவன் தலையாரி வாங்கிக் கொடுத்த டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "செரிங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டு, "புதுசா வந்தவங்க மாதிரியே தெரியல மேடம், ஜம்முனு இருக்குது" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் இருந்தது.

கேஸ் தர்மபுரி கோர்ட்டில் நடந்தது. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டபோது மூன்று வருடம் ஓடிவிட்டது. அவன் தரப்பு வக்கீல் மனைவி மக்கள் என்ற இடத்தைக் கவனிக்கவே இல்லை. வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டார். போலீசார் சொல்லிக்கொடுத்தபடி நான் வாக்குமூலம் தயாரித்தேன் என்று சொன்னால் சரியல்ல. எதிரி, அதாவது கூண்டில் நிற்கிறவன், என்னிடம் வரவே இல்லை என்று சொன்னால் சரியல்ல. இப்படி, சரியல்ல சரியல்ல என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். போலீசார் ரிஞ்சைக் கைப்பற்றியபோது கூட இருந்த சாட்சிகள் இரண்டு பேரும் பல்டி அடித்துவிட்டார்கள். ரிஞ்சில் இருந்த ரத்தம் யாருடையது என்று லேப் ரிப்போர்ட் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் காகிதத்தை நம்பி நீதிபதி ஆயுள் தண்டனை கொடுத்தார்.

அன்றைக்குக் கோர்ட் வாசலில் அண்ணன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க மட்டும் இல்லன்னா அவன் தப்பிச்சிருப்பானுங்க மேடம்" என்றார். அப்பீல் போவார்கள் என்று தெரியும். ஆனால் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நான் பஸ் ஏறி ஊர் வந்து, அடுத்த நாள் புயல் நிவாரணக் கணக்கில் மூழ்கிவிட்டேன்.

அப்பீல் தீர்ப்பு வர இன்னும் நான்கு வருடம் ஆனது. தலையாரிதான் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இங்கிலீஷில் பதினெட்டுப் பக்கம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன், சாப்பிடாமலே டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மற்ற சாட்சிகள் உதவாத நிலையில் வழக்கு முழுக்க வாக்குமூலம் ஒன்றின் மேல்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன, முன்பின் பழக்கமில்லாத ஒரு அதிகாரியிடம் ஒருவன் போய் ஏன் மனம் திறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஏழாவதோடு படிப்பை நிறுத்திய விவசாயி "ஆத்திரமுற்று", "நலன் கருதி" என்றா பேசுவான் என்று கேட்டிருந்தார்கள். கல்யாணமே ஆகாதவன் தன் மனைவி மக்களுக்காக அடைக்கலம் தேடியதாகச் சொல்லும் இந்தக் காகிதம் அவன் வாயிலிருந்து வந்ததல்ல, வேறு எங்கோ தயாரானது என்று முடித்திருந்தார்கள். குற்றத்தைச் செய்தவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு விவரம்கூட இதில் இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை.

மூன்று வாரம் கழித்து அவன் ஆபீசுக்கு வந்தான். இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தான். முடி நரைத்திருந்தது. ஒரு கட்டைப்பை நிறைய சீத்தாப்பழம் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தான்.

"நீங்க வேணும்னேதான் அந்த மாதிரி எழுதுனீங்கன்னு வக்கீல் சொன்னாருங்க. பொண்டாட்டி புள்ளைங்கன்னு எழுதுன அந்த ஒரு வரி இல்லன்னா நான் வெளிய வந்திருக்கவே முடியாதாம். நீங்க நல்லா இருக்கோணும் மேடம்" என்றான்.

பையைத் தூக்கி வெளியே எறிந்தேன். பழங்கள் வாசல் முழுக்க உருண்டன. "எந்திரிச்சுப் போடா வெளிய!" என்று கத்திய சத்தத்தில் பக்கத்து ரேஷன் கடையில் நின்ற கும்பலே திரும்பிப் பார்த்தது. ஏழு வருடத்தில் யாரையும் நான் டா போட்டுப் பேசியதில்லை. அவன் பயந்து போய் எழுந்தான். எதற்குக் கோபப்படுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. தலையாரி தலையைக் குனிந்தபடி பழங்களைப் பொறுக்கினார்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் மனைவி வந்தார். ஆபீசில் கூட்டம் குறையும்வரை வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்து கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க மேடம். அவன் உங்ககிட்ட சொன்னானா, சொல்லலியா?"

"சொன்னாருக்கா."

"என்ன சொன்னான்?"

மாடலில் இருந்ததை அல்ல, அவன் சொன்னதைச் சொன்னேன். கரண்டு, மஞ்சள், ரிஞ்ச், தொட்டி. தண்ணீர் கேட்டதையும் சொன்னேன். ஏழு வருடம் மறைத்து வைத்திருந்ததை இனியும் மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. அவர் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

பிறகு, "இத எழுதியிருந்தா கோர்ட்டுல நம்பியிருப்பாங்களா?" என்றார்.

"நம்பியிருப்பாங்கன்னுதான் தோணுது."

"அப்பறம் ஏன் எழுதல?"

"மாடல்ல இல்ல" என்றேன். வேறு என்ன சொல்ல? "தப்பு என் மேலதாங்கக்கா. முழுக்க என் மேல" என்றேன். அவர் என்னைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

அவருடைய பிரச்சினை அதைவிடப் பெரிது. தம்பி வந்து பக்கத்து வீட்டில் இருக்கிறான். அதே கிணறு, அதே மோட்டார் ரூம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை. ஊரில் பேச்சு மாறிவிட்டது. கோர்ட்டே அவன் செய்யவில்லை என்று சொல்லிவிட்டது, காட்டுக்கு ஆசைப்பட்டு இவள்தான் கொழுந்தன் மேல் பொய்க் கேஸ் போட்டு ஏழு வருடம் உள்ளே வைத்தாள் என்கிறார்கள். பெரிய பெண்ணுக்கு இண்டூர் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தம் அதனாலேயே தள்ளிப் போகிறது. மாமியார் இவர் கையால் சோறு வாங்குவதை நிறுத்திவிட்டார்.

"ஊரு என்னமோ பேசட்டும். எங்க மாமியாகிட்ட மட்டும் வந்து நீங்க சொல்லுங்க. அவங்க ஒருத்தரு நம்புனாங்கன்னா நான் இங்கயே இருந்துக்குவேன். இல்லன்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வூட்டுக்கே போயிடறேன்" என்றார்.

ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அப்போதே கிளம்பினேன். தலையாரி, "வேணாம் மேடம், தீர்ப்பு வந்த கேஸு" என்று வாசல் வரைக்கும் வந்தார். "நீங்க படிச்சதத்தான நான் எழுதுனேன், சும்மா இருங்க" என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

கொட்டாயில் அந்த அம்மா வீட்டு வாசலில் கட்டிலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும், குரல் மட்டும் கணீரென்று இருந்தது. அவன் கொஞ்சம் தள்ளி பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துணியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டான்.

நான் யார் என்று சொன்னேன். வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. "உங்க சின்ன மவன் அன்னிக்குத் தானா வந்து, அண்ணன அடிச்சுட்டேன்னு என்கிட்ட சொன்னாரு. யாரும் சொல்லித் தரல, யாரும் அடிக்கல. உங்க மருமவ பொய்க் கேஸ் போடலீங்க. கோர்ட்டு நம்பாமப் போனதுக்கு நான் எழுதுன விதம்தான் காரணம்" என்றேன். தண்ணீர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. பெற்றவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார். இரண்டு மூன்று கொட்டைகளை எடுத்து முறத்தில் போட்டார்.

"ஏம்மா, அப்ப அவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுன்னு எழுதுனவங்கதான நீங்க? அன்னிக்கு எழுதுனது பொய்யி, இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசமா?" என்றார்.

என் வாழ்நாளில் யார் எதைச் சொன்னாலும் திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை என்னிடம் இருக்கும். அன்றைக்கு ஸ்கூட்டி சாவியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றேன்.

மருமகள் முன்னால் வந்தார். "அத்தே, அவங்களையும் நம்ப வேணாம், என்னையும் நம்ப வேணாம். அதோ நிக்கறாரே, உங்க மவன், அவரையே கேளுங்க. உங்க மூஞ்சியப் பாத்து இல்லன்னு சொல்லட்டும், நான் உங்க கால்ல வுழுந்துட்டுப் போயிடறேன்" என்றார்.

அவன் அம்மாவைப் பார்த்தான். பைக் துடைக்கிற துணி அவன் கையில் அப்படியே இருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கேட்டால் சொல்லிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. முன்பு ஒரு தடவை அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. கையை மட்டும் அவன் இருந்த திசையில் நீட்டி, பேசாதே என்று தடுத்தார். பிறகு மருமகளை நேராகப் பார்த்தார்.

"கேக்க மாட்டேன். ரெண்டு பெத்தேன். இப்ப இருக்கறது ஒண்ணு. நான் கேக்க மாட்டேன்" என்றார்.

மருமகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கட்டிலுக்குக் கீழே சிதறியிருந்த நாலைந்து புளியங்கொட்டைகளைப் பொறுக்கி முறத்தில் போட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போனார். அந்த வாரமே பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டார். இருப்பிடச் சான்றுக்கும் ரேஷன் கார்டு மாற்றத்துக்கும் வேண்டிய கையெழுத்துகளை நான்தான் போட்டேன்.